காசு கட்டாத பெட்டி

உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறதே டெலிவிஷன் பெட்டி, அதை யாருக்காக வாங்கினீர்கள்? உடனே பதில் சொல்ல வேண்டாம். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். நானும் ஒரு காலத்தில், "யாருக்காக என்ன, வீட்டுக்காகத்தான்!" என்று சட்டென்று சொல்லிவிடக் கூடியவள்தான். என் மாமியார்தான் அந்தக் கேள்வியை எனக்குப் புரிய வைத்தார். அதற்கு இருபத்து நாலாயிரம் ரூபாய் செலவாயிற்று என்பது வேறு விஷயம்.

நாங்கள் இருப்பது தூத்துக்குடியில், பிரையண்ட் நகரில். மாமியார் இருப்பது முத்தம்மாள் காலனியில், மாமனார் கட்டிய சின்ன வீட்டில், தனியாக. "எங்களோடு வந்து இருங்கள் அத்தை" என்று மாமனார் காலமான நாளிலிருந்து நானும் கூப்பிட்டுக் கொண்டுதான் இருக்கிறேன். "வாரேன் வாரேன்" என்பார். வர மாட்டார். அவருக்குத் துணையாக அந்த வீட்டில் இருந்தது ஒரு 14 அங்குலக் கலர் பெட்டி. 2006-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாடு அரசு வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்ததே, அதில் ஒன்று. முன்னால் கண்ணாடி, பின்னால் யானை முதுகு மாதிரிப் புடைப்பு. மொட்டை மாடியில் ஒரு தட்டு ஆன்டெனா. மாதாமாதம் யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம். காலையில் சேதி, மத்தியானம் கொஞ்சம் கர்நாடக சங்கீதம், சாயந்திரம் மறுபடி சேதி. "நான் ஒருத்தருக்கும் கடமைப்படாம பாக்கேன்ட்டி" என்று பெருமையாகச் சொல்வார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! எங்கள் ஊரில் வருஷம் முழுவதற்கும் சேர்த்துக்கூடச் சாதாரணமாக அவ்வளவு பெய்வதில்லை. மாமியாரை அவர் போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். கட்டில், பீரோ, அரிசிப் பானை எல்லாம் சேறு. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன நண்டு வெளியே வந்தது. சிரிப்பு வந்தது; மாமியார் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அரசாங்கம் வெள்ள நிவாரணமாக ரேஷன் கடை மூலம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தது. மாமியார் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இதுல ஒரு டீவி வாங்கணும்" என்றார். அரிசி, மெத்தை, பீரோவுக்குப் பெயிண்ட் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "அம்மா, நான் இருக்கும்போது நிவாரணப் பணத்தில் நீ டீவி வாங்குவதா? ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு புத்தி வேலை செய்யாது, இல்லையா? என் மகன் வேறு சேர்ந்துகொண்டான். "ஆச்சிக்கு நல்லதா, பெரிசா வாங்குவோம்" என்றான். நான் மறுத்துப் பேசினேனா என்றால், இல்லை. உள்ளூர எனக்கும் பெருமைதான். நாற்பத்து மூன்று அங்குலம், ஸ்மார்ட் டீவி, பன்னிரண்டு மாதத் தவணை. அந்தச் சமயத்தில் 32 அங்குலம் வரை ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், அதற்கு மேலே போனால் 28 சதவிகிதம். (2025 செப்டம்பரில்தான் பெரிய பெட்டிகளுக்கும் 18 என்று குறைத்தார்கள்.) ஆகவே பெருமைக்கு வரியும் கட்டினோம்.

பெட்டி வந்தது. சுவரில் மாட்டினார்கள். மாமியார், "நல்லாத்தான் இருக்கு, ஐயா" என்று மகனிடம் சொன்னார். மகனுக்குப் பரம சந்தோஷம். என் பையன் இண்டர்நெட்டுக்கு ஒரு சின்னக் கருவி வாங்கி வைத்து, "ஆச்சி, இதை அழுத்தினா இது வரும், அதை அழுத்தினா அது வரும்" என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினான். அவரும் தலையை ஆட்டினார். அதன் பிறகு தினம் ராத்திரி போனில் கேட்பேன். "டீவி பாக்கியளா அத்தை?" "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், சொல்லாமல் போனேன். அவியலுக்குக் காய் அதிகமாக வாங்கிவிட்டேன், கொஞ்சம் கொடுத்துவிட்டு வரலாம் என்று. கதவு திறந்திருந்தது. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ரிமோட். எதிரே சுவர் நிறையப் பெட்டி, கறுப்பாக இருந்தது. அவர் அதையே பார்த்துக் கொண்டிருந்தார்.

நான் அப்படியே வாசலில் நின்றுவிட்டேன்.

"என்ன அத்தை, கரண்ட் இல்லையா?" என்றேன்.

"இருக்கு. அழுத்தினா என்னென்னமோ படமா வருது, கட்டம் கட்டமா. எதைத் தொட்டாலும் ஏதோ கேக்கான். காசு கீசு போயிருமோன்னு அமத்திட்டேன்."

"எத்தனை நாளாக?"

"அது கிடக்கு. நீ உக்காரு, காப்பி போடுதேன்."

பதினெட்டு நாள்! பதினெட்டு நாளாக அந்த மனுஷி மகன் மனம் நோகக் கூடாதென்று எங்களிடம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு கறுப்புக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காப்பி எனக்கு இறங்கவில்லை.

இந்த இடத்தில், மாமியாருக்கும் டெலிவிஷனுக்கும் உள்ள பழைய சிநேகத்தைச் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் டெலிவிஷன் என்றால் நமக்குச் சென்னை நிலையம்தான் ஞாபகம் வரும். 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்தது. ஆனால் சென்னை எங்கிருக்கிறது, தூத்துக்குடி எங்கிருக்கிறது! அறுநூறு கிலோமீட்டர். அந்த அலை எங்கள் ஊர் எல்லையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. கொழும்போ, கடலைத் தாண்டினால் முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தார்கள். அந்த நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலைச் சிகரத்தின் மேல், 2,524 மீட்டர் உயரத்தில், அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது. நடுவில் மலை கிடையாது, கட்டிடம் கிடையாது, வெறும் கடல். கடல் மேல் காற்று சில நாட்களில் அடுக்கடுக்காக நிற்குமாம். கீழே ஈரக் குளிர், மேலே உலர்ந்த சூடு. அந்த அடுக்கு அலையை வளைத்து, பூமியின் வளைவையும் தாண்டி இக்கரைக்குக் கொண்டு வந்து சேர்த்துவிடும். கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு மூங்கிலும் இரும்புக் குழாயும் வானத்தைக் குத்திக்கொண்டு நின்ற காலம் அது. எல்லா ஆன்டெனாவும் ஊரையும் சென்னையையும் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தென்கிழக்கே பார்த்து நின்றன!

என் மாமனார் ஒரு தோணி ஏஜென்சியில் கணக்குப்பிள்ளை. இங்கிருந்து கொழும்புக்கும் மாலத் தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிகளின் கணக்கு எழுதுகிறவர். எழுதினாரே தவிர ஒரு தடவையும் அக்கரைக்குப் போனதில்லை. 1983-ல் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியை இரண்டாம் கையாக வாங்கினார். உடைத்துப் போட்ட ஒரு தோணியிலிருந்து நீளமான தேக்குக் கழி ஒன்று வாங்கி மாடியில் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். எந்தப் பக்கம் திருப்புவது? தெரிந்த தண்டல் ஒருவர், தோணியில் வைத்திருக்கும் திசைகாட்டியோடு வந்து, கடலில் கொழும்புக்கு எப்படிக் கோடு பிடிப்பாரோ அதே கணக்கில் கழியைத் திருப்பிக் கொடுத்தாராம். முதல் நாள் புள்ளி மழை. இரண்டாம் நாளும் புள்ளி மழை. மூன்றாம் நாள், கடல் அசையாமல் கிடந்த ராத்திரியில், ஓர் அம்மாள் தோன்றித் தமிழில் சேதி வாசித்தாளாம்! அதே நிலையம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசிக்கும். புரியாவிட்டாலும் தெருவே கூடிப் பார்க்கும். "உங்க மாமா எளுதுத கொளும்பு ரோடெல்லாம் அதுலதான் பாத்தாங்க" என்று மாமியார் சொல்வார்.

பிற்பாடு கொடைக்கானல் மலை மேல் தூர்தர்ஷன் நிலையம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தது. ஆன்டெனாக்கள் மெல்ல உள்நாட்டுப் பக்கம் முகம் திருப்பின. பிறகு கேபிள் வந்து, ஆன்டெனாக்களே இறங்கிவிட்டன. மாமியார் வீட்டுத் தேக்குக் கழி மட்டும் இன்னும் மாடியில் இருக்கிறது. துணி காயப் போடுகிற கொடியை அதில்தான் கட்டியிருக்கிறார்.

ஆகவே, டெலிவிஷன் என்பது மாமியாருக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. மாமனார் விட்டுப் போன பழக்கம் அது. எழுபத்தெட்டு வயதில் தன் வீட்டில் தன் கையால் ஒரு சுவிட்சைப் போட்டு, தனக்கு வேண்டிய சேதியைத் தானே கேட்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டாள். அதைத்தான் நாங்கள் இருபத்து நாலாயிரம் கொடுத்துப் பிடுங்கிக் கொண்டோம்!

அன்று ராத்திரி அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பெரிய பெட்டி இங்கே வந்துவிடட்டும். நம்ம பழைய பெட்டியை அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம்" என்றார். ஆண்கள் யோசனை எப்படி இருக்கிறது பாருங்கள். மாமியாரிடம் சொன்னபோது, "ஏன், நீங்க களிச்சதத்தான் நான் பாக்கணுமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறாயிரத்தையும், பருப்பு டப்பாவிலிருந்து சிறுவாட்டுப் பணம் நாலாயிரத்தையும் என் முன்னால் வைத்தார். "பத்துக்குள்ள முடி. நானும் வாரேன்."

எங்கள் ஊர் முத்துச் சலாபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1961-ல் கடைசியாக நடந்தது. கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் உன் அதிருஷ்டம். இல்லாவிட்டால் நாற்றம்தான் மிச்சம். அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து டெலிவிஷன் வாங்குவதும் அப்படித்தான் என்று முதல் தடவை கற்றுக்கொண்டேன். இரண்டாம் தடவை, கடைப் பையனை எல்லாவற்றையும் திறக்கச் சொன்னோம். பாவம், பொறுமைசாலி.

அளவு 32 அங்குலம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். சிக்கனம் மட்டும் காரணமில்லை. இலவசமாக வரும் தூர்தர்ஷன் ஒளிபரப்பில் பெரும்பாலான சானல்கள் சாதாரணத் தெளிவில்தான் வருகின்றன. அந்தப் படத்தைப் பெரிய திரையில் இழுத்து விரித்தால், சின்னக் குழந்தைக்குத் தைத்த சட்டையைப் பெரியவனுக்குப் போட்ட கதையாக, முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். மாமியார் உட்காருவது எட்டடி தள்ளி. 32 தாராளம்.

அடுத்தது ஆன்டெனா விவகாரம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், கவனமாகக் கேளுங்கள். "எல்லா டீவியிலும் ஆன்டெனாத் துளை இருக்கும்மா, ஒயரைச் சொருகினால் இலவசமாக வரும்" என்று கடையில் சொல்வார்கள். துளை இருப்பது நிஜம். வருவதற்குத்தான் ஒன்றும் இல்லை. தூர்தர்ஷனின் பழைய வகைத் தரை ஒளிபரப்பு நிலையங்களை 2022-க்குள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் மூடிவிட்டார்கள். புதிய டிஜிட்டல் வகைத் தரை ஒளிபரப்பு 2016-ல் சென்னை மாதிரிச் சில பெரிய நகரங்களுக்கு மட்டும்தான் வந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு இலவசம் என்றால் வானத்திலிருந்துதான்: தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சானல்களோடு ஆரம்பித்தது இது. தட்டும் பெட்டியும் ஒரு முறை வாங்கினால் போதும்; மாதச் சந்தா கிடையாது.

தட்டிலிருந்து வரும் ஒயரைச் சாதாரண ஆன்டெனாத் துளையில் சொருகினால் வேலை செய்யாது. தட்டின் மூக்கில் இருக்கிறதே ஒரு சின்னக் குப்பி, அதற்கு இங்கிருந்து 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் ஏற வேண்டும். ஆன்டெனாத் துளை அதைக் கொடுக்காது. செயற்கைக்கோள் வாங்கி உள்ளேயே வைத்த பெட்டிகளும் இருக்கின்றன. 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்று ஒரு தரமும் வகுத்தது. விவரச் சீட்டில் டி.வி.பி.-எஸ்2 என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி.வி.பி.-சி என்றிருந்தால் அது கேபிளுக்கு. டி2 என்றிருந்தால் தரை ஒளிபரப்புக்கு. ஓர் எழுத்தில் இருக்கிறது சூட்சுமம்!

உள்ளேயே வைத்ததை வாங்கலாமா? ஒரே ரிமோட் என்பதால் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒளிபரப்பு முறை மாறினால் என்ன செய்வது? பழைய எம்பெக்-2 பெட்டி வைத்திருந்தவர்களுக்கு, புதிதாக வந்த எம்பெக்-4 சானல்கள் திறக்கவில்லை; அவர்கள் சின்னப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. உள்ளே இருப்பது கெட்டால் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆகவே எம்பெக்-4 வாங்கும் தனிப் பெட்டியே நல்லது என்று தீர்மானித்தேன். இது என் அபிப்பிராயம். உங்கள் வீட்டுத் தாத்தா சாமர்த்தியசாலியானால் நீங்கள் வேறு விதமாகத் தீர்மானிக்கலாம்.

ஆனால் இரண்டு ரிமோட் ஆகிவிடுமே? அதற்குத்தான் கடையில் அரை மணி போராடினேன். சில டீவிகளில் ஒரு வசதி உண்டு: சுவர்ச் சுவிட்சைப் போட்டதும், கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே தானாக எரியும். ரிமோட்டைத் தொட வேண்டாம். ஸ்மார்ட் டீவி மாதிரி முதலில் விளம்பரக் கட்டங்களைக் காட்டி வழி மறிக்காது. இந்த வசதி விளம்பரத்தில் எங்கும் இருக்காது. பெட்டியை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நாலு பெட்டிகளை அணைத்து அணைத்துப் போட்டோம். மூன்றாவது தேறியது.

மாமியார் அதற்குள் வேறொரு பரீட்சை நடத்திக் கொண்டிருந்தார். "பாட்டு வேண்டாம், சேதி போடு தம்பி" என்று சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாட்டு எந்தப் பெட்டியிலும் இனிக்கும். பேச்சு புரிகிறதா என்பதுதான் காது மந்தமானவர்களுக்கு முக்கியம். ஒல்லிப் பெட்டிகளில் ஒலிபெருக்கி பின்பக்கமாகவோ அடியிலோ இருப்பதால், சத்தம் சுவரிலும் மேஜையிலும் மோதிக் குழறும். 20 வாட் என்று சீட்டில் போட்டிருந்த ஒன்றைவிடக் குறைவான வாட் போட்டிருந்த ஒன்று அவருக்குத் தெளிவாகக் கேட்டது. நான் சீட்டைப் படித்தேன். அவர் காதால் படித்தார். அவர் தேர்ந்தெடுத்ததும் அந்த மூன்றாவது பெட்டியைத்தான். எட்டாயிரத்து நூறு ரூபாய். ஊரிலேயே பழுது பார்க்கிற இடம் இருக்கிறதா என்று கேட்டு, விலாசத்தை ரசீதின் பின்னால் எழுதி வாங்கினேன்.

தட்டு மாட்ட வந்த பையனிடம், அந்தத் தேக்குக் கழியிலேயே கட்டிவிடு என்றார் மாமியார். "ஆடும் ஆச்சி. விரற்கடை அசைந்தால் படம் போயிரும்" என்று சொல்லி, கைப்பிடிச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கினான். பிறகு செல்போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு, "93.5 டிகிரி..." என்று முணுமுணுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினான். மொட்டை மாடியில் நின்றிருந்த மாமியார் கையை நீட்டினார்.

"கொளும்புக்குக் கொஞ்சம் கெளக்க. அண்ணாந்து வையி."

பையன் சிரித்தான். திருப்பிப் பார்த்தான். வந்துவிட்டது! நம்ப மாட்டீர்கள், வீட்டுக்கு வந்து என் மகனை விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2015 நவம்பரில் அனுப்பிய ஜிசாட்-15, பூமத்திய ரேகைக்கு மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு. பிதுருதலாகலை இருக்கும் திசையிலிருந்து ஐந்தாறு டிகிரி கூட விலகவில்லை. அது அடிவானத்தில்; இது உச்சி வானத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய எழுபது டிகிரி மேலே. அவ்வளவுதான் வித்தியாசம். தண்டலின் திசைகாட்டி சொன்னதை மாமியார் நாற்பது வருஷம் மறக்கவில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்று தட்டைவிட முதலில் திருகாணியையும் ஒயர் முனையையும்தான் தின்னும். துருப்பிடிக்காத திருகாணி நாலு ரூபாய் அதிகமானாலும் வாங்குங்கள். ஒயர் முனையை ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். ஒயர் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் சொட்டிவிடும். இன்னொன்று: கனத்த மழையில் படம் நின்றுவிடும். அலை அவ்வளவு நுண்ணியது. மழைத்துளி அதை விழுங்கிவிடும். புயல் சேதி எப்போது வேண்டுமோ அப்போதுதான் பெட்டி ஊமையாகும். அதனால் மாமியாரின் அலமாரியில் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றும் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சன் டி.வி. போன்ற கட்டணச் சானல்கள் இதில் வராது. தொடர்கதை பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் கேபிளை விடாதீர்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது. இந்தி சானல்கள் ஏராளம், தமிழ் குறைவு. பள்ளிக்கூடப் பாடம் நடத்தும் சானல்கள் உண்டு. பேரன் பேத்தி வந்தால் உதவும். மாமியாருக்கு வேண்டியது 'பொதிகை'. 2024 ஜனவரியில் அதற்கு டி.டி. தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். "என்னட்டி, பொதிகைய காணோமே?" என்று முதல் நாள் பதறிவிட்டார். பழகின பாட்டுக்காரியின் குரலைக் கேட்ட பிறகுதான் சமாதானமானார்.

டீவி ரிமோட்டைப் பீரோவில் பூட்டினோம். சின்னப் பெட்டியின் ரிமோட்டில் சத்தம் கூட்டுகிற பொத்தானுக்கும் சானல் மாற்றுகிற பொத்தானுக்கும் சிவப்பு நகப் பாலீஷால் பொட்டு வைத்தேன். பெட்டியை வைக்கும் பலகையைத் தச்சர் கண் மட்டத்தில் அடிக்கப் போனார். மாமியார் விடவில்லை. சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறைக்கோடு இன்னும் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சாண் மேலே கையை வைத்து, "இங்கன அடி" என்றார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்குமே என்றேன். "வலிச்சா சாஞ்சுக்கிடுதேன்" என்றார். சாய்வு நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.

மிச்சப் பணத்தில் தட்டுக்கும் சின்னப் பெட்டிக்கும் போக நூற்றுச் சொச்சம் இருந்தது. அதை எண்ணி வாங்கி மறுபடி பருப்பு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

நேற்று ராத்திரி வழக்கம்போலப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் எடுத்தார்.

"சாப்பிட்டியளா அத்தை? என்ன செய்யுதிய?"

"சேதி போடுதான், வை போனை" என்றார்.